பட்டினப்பாக்கத்தில் என் மகள் கடலில் இறங்கிய காலை

கடலூரிலிருந்து சென்னைக்குக் கொள்முதலுக்குப் போகிற சின்ன வியாபாரிகளுக்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதி வருகிறேன். எந்தத் தெருவில் நைட்டி டஜன் என்ன விலை, எந்த லாட்ஜில் மூட்டைப்பூச்சி இல்லை என்பதெல்லாம் இங்கே வழக்கம். இந்த முறை நான் போனது சரக்குக்காக இல்லை. என் மகள் மலர் ஒரு படத்துக்காகக் கடலில் இறங்க வேண்டும். இறங்கலாமா, கூடாதா என்று நான் சொல்ல வேண்டும். அதற்காகப் போனேன்.

மலருக்குப் பத்தொன்பது வயது. சென்னையில் படிக்கிறாள், மயிலாப்பூரில் ஒரு வீட்டின் மாடி அறையில் இன்னும் இரண்டு பெண்களோடு தங்கியிருக்கிறாள். கல்லூரி நாடகத்தில் நடித்ததைப் பார்த்து சினிமாக்காரர்கள் சிலர் கூப்பிட்டார்கள். சுனாமியைப் பற்றிய படம். கதையில் அவள் மீனவர் வீட்டுப் பெண், அலையில் போய்விடுகிறவள். போன திங்கட்கிழமை போன் செய்து, "புதன்கிழமை காலையில தண்ணி சீன். நீ வேணாம்னு சொன்னா நான் பண்ணலப்பா. ஆனா வந்து பாத்துட்டுச் சொல்லு" என்றாள். அங்கேயே வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கலாம். பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லிக் கெட்ட வியாபாரங்கள் எனக்கு நிறைய உண்டு. அதனால் கிளம்பினேன்.

எனக்குக் கடல் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிளாஸ்டிக் பந்தும் பொம்மையும் பரப்பி வைத்திருந்தேன். கூட இருந்தவள் என் தங்கை செல்வி. அவளுக்கும் அப்போது பத்தொன்பது. அவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குக் கல்யாணம், மலர், கடை எல்லாம். இந்த இருபது சொச்ச வருடத்தில் கடற்கரை மணலில் நான் கால் வைத்ததில்லை.

சென்னைக்குத் திண்டிவனம் வழிதான் நல்லது, கிழக்குக் கடற்கரைச் சாலை வேண்டாம் என்று இங்கே பல முறை எழுதியிருக்கிறேன். நேரம் மிச்சம், சாப்பாட்டுக் கடை அதிகம் என்று காரணமும் கொடுத்திருக்கிறேன். அவை பொய் இல்லை. ஆனால் அந்தச் சாலையில் ஜன்னல் பக்கம் கடல் தெரியும் என்பதுதான் முதல் காரணம். நம்பி வாசித்தவர்கள் மன்னிக்கவும்.

செவ்வாய்க்கிழமை காலை 6.10க்குக் கடலூரில் திண்டிவனம் வழி வண்டி. கிளாம்பாக்கம் வரை 155 ரூபாய். 10.15க்கு இறங்கினேன். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம், டிக்கெட் பத்து ரூபாய். மூட்டை முடிச்சு இல்லாதவர்களுக்கு இதுதான் தோது. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லாட்ஜ், ஒற்றை அறை 1,100. மூன்றாவது மாடி கேட்டு வாங்கினேன். தி.நகருக்கும் கடலுக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் மாடி கேட்பது பழக்கமாகிவிட்டது.

வந்ததற்கு ரங்கநாதன் தெருப் பக்கம் தெரிந்த கடையில் குழந்தைகள் உடுப்பு பார்த்தேன். விலை பேச மனம் ஓடவில்லை. கடைக்காரர், "என்ன பாய், உடம்பு சரியில்லையா? சொன்ன விலைக்கு எடுக்கிறீங்க!" என்று கேலி செய்தார். நான் பாய் இல்லை, அவர்தான் பாய். எல்லோரையும் அப்படிக் கூப்பிடுவது அவர் பழக்கம்.

சாயங்காலம் நாலரைக்கு மயிலாப்பூர். மலர் இன்னும் வரவில்லை. கீழ்வீட்டு மாமி காபி கொடுத்து உட்கார வைத்தார்.

"உங்க பொண்ணு ரொம்ப சமத்து. ஆனா நாலு நாளா ஆத்துல சரியா சாப்பிடறதே இல்லை. நேத்து மாடிக்குப் போறேன், தரையில கட்டையாட்டம் படுத்துண்டிருக்கா. கூப்பிட்டேன், அசையலை. எனக்கு உசிரே போயிடுத்து. கடைசியில கேட்டா, மூச்சை அடக்கிப் பழகிண்டிருந்தேன் மாமீங்கறா!"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

மலர் வந்ததும் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். இரண்டு பேருக்கு டிபன் 210 ரூபாய், அடை நன்றாக இருக்கிறது.

"தண்ணி எவ்வளவு ஆழம்?"

"முட்டிக்கு மேல வராதுப்பா."

"முட்டி எங்க இருக்குன்னு கடலைக் கேட்டுக்கிட்டாங்களா?"

"பெரிய அலையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுக்குவாங்க. நான் கரையில கூடைய எடுக்க ஓடணும், ஒரு சின்ன அலை வந்து மேல அடிக்கும், விழணும். அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் மணல்ல படுத்திருக்கணும். கண்டெடுத்த மாதிரி."

அவள் அடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை. "அப்பா, அத்தையோட சாயல் எனக்கு இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ மட்டும் அத்தையப் பத்திப் பேசினதே இல்ல. இந்தப் படத்தையாவது சரியாப் பண்ணணும்னு இருக்கு எனக்கு" என்றாள். நான் சாம்பார் கேட்டேன்.

அங்கிருந்து அபிராமபுரத்தில் படக் கம்பெனி அலுவலகம், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். மேனேஜர் சேகர், முப்பத்தைந்து வயதிருக்கும், பதமாகப் பேசினார். எல்லோருக்கும் இன்சூரன்ஸ் போட்டிருப்பதாகச் சொன்னார்.

"இன்சூரன்ஸ் அப்புறம் வர்றது தம்பி. எனக்கு முன்னாடி இருக்கணும். இடுப்புல கயிறு."

"கயிறு கேமராவுல தெரியும் சார்."

"பாவாடைக்குள்ள கட்டினா தெரியாது. நான் துணிக் கடைக்காரன், எனக்குத் தெரியும்."

மூன்று கண்டிஷன் போட்டேன். கயிறு, பட்டினப்பாக்கம் குப்பத்து நீச்சல்காரர்கள் இரண்டு பேர் கைக்கெட்டும் தூரத்தில், எல்லா வேலையும் காலை எட்டரைக்குள் முடிய வேண்டும். எட்டரை ஏன் என்று அவர் கேட்டார். அதற்குமேல்தான் அன்றைக்கு வந்தது என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

கடைசியாக ஒன்று. செத்த மாதிரி படுத்து நடித்தவர்கள், எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. இல்லாவிட்டால் தோஷம் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். கேள்விப்பட்டிருந்தேன். அது கண்டிப்பாக நடக்க வேண்டும் என்றேன்.

"அதை நீங்க சொல்லவே வேணாம் சார். சிரிக்காம யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்" என்றார் சேகர்.

"இவ்வளவும் செஞ்சாலும் என் பதில் கரையில வந்துதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

புதன்கிழமை காலை 5.20க்கு லாட்ஜ் வாசலில் ஆட்டோ. பட்டினப்பாக்கத்துக்கு ஆறு கிலோமீட்டர், 180 ரூபாய், பேரம் இல்லை. பையில் ஒரு துண்டு, முந்தின இரவு கட்டிப் படுத்த நீலக் கட்டம் போட்ட லுங்கி, தண்ணீர் பாட்டில்.

"இன்னா சார், காத்தாலயே பீச்சு? வாக்கிங்கா?" என்றார் ஓட்டுநர்.

"ஷூட்டிங் நடக்குதாமே."

"ஆங், சுனாமி படம். ஒரு வாரமா போய்க்கினு கீது. எம் மச்சான்கூட கும்பல்ல நிக்கிறான். அழுவறதுக்கு நாளுக்கு அறுநூறு ரூபா. அன்னிக்கு அழுதப்போ டீகூட குட்க்கல ஒருத்தனும்." கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சார், கம்பியை அவ்ளோ கெட்டியா புட்ச்சிக்காத. பேத்துக்கினு வந்துடப் போவுது."

சாந்தோம் தாண்டித் திரும்பியதும் காற்று மாறியது. உப்பு வாடை. அதுவரை தைரியமாகத்தான் இருந்தேன். இறங்கினேன். சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் கடல். குடியிருப்புகளுக்கும் மணலுக்கும் நடுவே ஓர் உடைந்த கைப்பிடிச் சுவர் இருந்தது. அதை ஒட்டி நின்றுகொண்டேன். எந்த வீட்டின் படிக்கட்டு கிட்டே இருக்கிறது, அதில் எத்தனை மாடி என்று முதலில் பார்த்து வைத்தேன். மூன்று மாடி. மலரை இழுத்துக்கொண்டு ஓடினால் எத்தனை நிமிடம் என்றும் கணக்குப் போட்டேன்.

அந்தக் குப்பத்து ஆட்களே கூட்டமாக நடித்தார்கள். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், பாக்கியம் என்று பெயர், யூனிட் பொங்கலை இலையோடு கையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி வேர்த்துக் கொட்டுது? நீயா எறங்கப் போற?"

"என் பொண்ணு."

"அந்த மலரு பொண்ணா? அதுக்கு நான்தான் அம்மா, படத்துல. வா, கிட்ட வந்து நில்லு."

"எனக்கு இங்கேயே வசதிம்மா."

"கடன் குட்த்தவனைப் பாத்தாப்ல பதுங்கி நிக்கிற!" என்று சிரித்தார். பிறகு என் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். "உனக்கு யாரு போனா?"

"தங்கச்சி."

"எனக்குப் பெரிய பொண்ணு" என்றார். இலையை மடித்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

ஆறரைக்கு இயக்குநர் வந்தார். இளைஞர், செருப்பில்லாமல் மணலில் நடந்தார். மலருக்குக் காட்சியை விளக்கினார். நான் சுவருக்கு இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம், பத்தடி தூரம். "கடல் உள்ள வாங்குது. எல்லாரும் ஓடுறாங்க. நீயும் ஓடற. பாதியில கூடை ஞாபகம் வருது. நீயா திரும்பி ஓடற" என்றார். மலர் ஓடிப் பார்த்தாள். திரும்பினாள். அவள் முதுகைப் பார்த்தபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அவ தானாத் திரும்ப மாட்டா தம்பி."

இயக்குநர் நிமிர்ந்தார். "ஏன் சார்?"

"எல்லாரும் ஓடும்போது பத்தொன்பது வயசுப் பொண்ணுக்கு உசுருதான் ஞாபகம் வரும், கூடை வராது. யாராவது கத்தியிருப்பாங்க. சரக்கை விட்டுட்டு வராதேன்னு."

"யாரு கத்தியிருப்பா?"

"அண்ணன்" என்றேன்.

இதை என் மனைவியிடம் சொன்னதில்லை. நான் டீ குடிக்க மேட்டுக்கு வந்திருந்தேன், செல்வி வேறெங்கோ நின்றிருந்தாள் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருந்தேன். மேட்டில் நின்றது உண்மை. அங்கிருந்து அவள் ஓடி வருவதைப் பார்த்தேன். எண்ணூறு ரூபாய்ச் சரக்கு, கடனுக்கு எடுத்தது. "சரக்கை விட்டுட்டு வராத!" என்று கத்தியது நான். அவள் திரும்பினாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

மலர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இயக்குநருக்கும் புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "அந்தக் குரலை நீங்களே குடுக்கிறீங்களா சார்?" என்றார்.

"அதை ஒரு தடவை சொல்லியாச்சு தம்பி."

அவர் தலையாட்டிவிட்டு வேறொருவரைக் கூப்பிடப் போனார். மலர் சுவருக்கு அருகே வந்தாள். திட்டுவாள், இல்லை அழுவாள் என்று நினைத்தேன். "அப்பா, நான் போகட்டுமா?" என்றாள்.

நான் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. வேண்டாம் என்றால் கேட்டிருப்பாள். என் பேச்சை இவளும் தட்ட மாட்டாள் என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. "போ. ஆனா ஒண்ணு. தண்ணி கொஞ்சம் அதிகமாத் தெரிஞ்சாலும் கூடையை விட்டுட்டு வந்துடு. யார் என்ன கத்தினாலும் வந்துடு" என்றேன். அவள் பாவாடைக்குள் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

மூன்று டேக் எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் அந்தக் குரல் கத்தியது, ஒவ்வொன்றிலும் அவள் திரும்பினாள், விழுந்தாள். தண்ணீர் உண்மையிலேயே முழங்கால் அளவுதான். அவள் தலை நுரைக்குள் போன ஒவ்வொரு தடவையும் நான் மூச்சு விடவில்லை. மூன்றாவது முறை பாக்கியம் என் கையைப் பிரித்துவிட்டார். அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறேன், தெரியவே இல்லை. "வளையலு ஒடஞ்சா நீதான் வாங்கித் தரணும்" என்றார்.

அப்போது மணி 7.50. அடுத்தது மணலில் வரிசையாகப் படுக்க வைக்கும் காட்சி. இங்கேதான் நானே என் எட்டரை மணிக் கெடுவைக் கெடுத்துக்கொண்டேன். பதினைந்து பேரைப் படுக்க வைத்து வெள்ளைத் துணி போர்த்தினார்கள். புதுத் துணி. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு நாலாக விழுந்திருந்தது, ஒன்றின் ஓரத்தில் மில் முத்திரைகூடத் தெரிந்தது. துணிக் கடைக்காரன் கண்ணுக்கு அது தப்புமா?

"தம்பி, அன்னிக்கு இதெல்லாம் யாருகிட்ட இருந்துச்சு? கைக்குக் கிடைச்சதைப் போத்தினாங்க."

"வூட்டுல இருந்த பொடவை, பெட்சீட்டு, கட்சி பேனரு" என்றார் பாக்கியம்.

இயக்குநர் உடனே துணிகளை எடுக்கச் சொன்னார். அந்தப் பெண்களிடம் பழைய புடவை கேட்டார். ஒருவரும் அசையவில்லை. கட்டிய துணியை எடுத்துப் பிணத்துக்குப் போர்த்தக் கொடுப்பது நடிப்புக்கென்றாலும் யாருக்கும் ஒப்பாது. பாக்கியம்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அன்னிக்கு குட்த்தீங்களே, அப்போ சாஸ்திரம் பாத்தீங்களாடி?" என்று சத்தம் போட்டார். அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒன்று குறைந்தது. நான் பையைத் திறந்து என் லுங்கியை எடுத்துக் கொடுத்தேன்.

உடை பார்க்கும் பெண்ணுக்கு யார் துணி எது என்று தெரியாது. வரிசையாகப் போர்த்திக்கொண்டே போய் மலர் மேல் என் லுங்கியைப் போட்டாள்.

செல்வியை நான் கண்டபோது அவள் மேல் ஒரு பச்சைக் கட்டம் போட்ட லுங்கி இருந்தது. யாரோ அவிழ்த்துப் போர்த்தியிருக்கிறார்கள். அந்த ஆளை எத்தனையோ நாள் தேடினேன். அந்த லுங்கியைத் துவைத்து மடித்து இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

பாக்கியம் மலரின் தலைமாட்டில் உட்கார்ந்தார். லுங்கியை முகத்திலிருந்து விலக்கினார். ஆக்‌ஷன் என்று சொன்னார்களா என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் ஒப்பாரி வைக்கவில்லை. மலரின் காதிலிருந்த மணலை விரலால் எடுத்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். கட் சொன்ன பிறகும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஸ்டில் எடுப்பவர் கேமராவோடு குனிந்து, "மலர், எழுந்து உக்காந்து சிரிம்மா, மேனேஜர் சொல்லியிருக்காரு" என்றார்.

நான் போட்ட கண்டிஷன். இவ்வளவு பேர் முன்னால், அந்த அம்மாள் முகத்துக்கு நேரே என் மகள் பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டும். "வேண்டாம்! சிரிக்க வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். சுவரைத் தாண்டிவிட்டேன் என்பதே மணல் காலில் சுட்ட பிறகுதான் தெரிந்தது.

"ஏன் நைனா வாணாம்?" என்றார் பாக்கியம்.

"உங்க எதிர்ல எப்படிம்மா..."

"எம் பொண்ணு தலமாட்டுல அன்னிக்குப் பூரா குந்திக்கினு இருந்தேன். ஒரு தபா எழுந்து சிரிச்சிடுவாளான்னு பாத்துக்கினே இருந்தேன். இது எழுந்துக்கப் போவுது. சிரிக்காம வுட்டுடுவேனா?" மலரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "எழுந்திருடி. வாயில மண்ணு பூந்துச்சுனா துப்பிட்டு சிரி."

மலர் எழுந்தாள். நிஜமாகவே துப்பினாள். துப்பியது பாக்கியத்தின் புடவையில் விழுந்தது. "தூ, என் மேலயே துப்புது பாரு!" என்று அவர் கத்த, மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. செல்வியும் இப்படித்தான், கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். கேமரா கிளிக் என்றது.

மணி பார்த்தேன். 9.15. எட்டரையை நான் கவனிக்கவே இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

திரும்பும்போது திருவான்மியூர் வரை ஆட்டோ, 200 ரூபாய். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலை வண்டி, புதுச்சேரிக்கு 160, பிறகு கடலூருக்கு 25. மொத்தம் நாலே கால் மணி நேரம். இடப்பக்கம் கடல் என்று உட்காரவில்லை, வலப்பக்கம்தான் உட்கார்ந்தேன். மகாபலிபுரம் தாண்டி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் செல்வி படத்துக்கு அவளே பூ வாங்கி வந்தாள்.

அந்தச் சிரிப்புப் படம் போனில் இருக்கிறது. இங்கே போடவில்லை, கேட்காதீர்கள்.

பிள்ளைகள் சினிமாவில் நடிக்கப் போயிருந்தால், நேரில் போய்ப் பாருங்கள். கயிறு கேளுங்கள், கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். தண்ணீர் வேலைக்கு அந்தக் கரையின் ஆட்களே வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் போனவர்களைப் பற்றி யாராவது படமெடுக்கக் கதை கேட்டால், சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். சொன்னால் முழுதாகச் சொல்லுங்கள். பாதி சொன்னால் அவர்கள் மீதியை நல்லதாக நிரப்பிவிடுவார்கள், அது உங்களுக்கே பொறுக்காது. காலை ஐந்தரைக்குள் போய்விட்டால் வெயில் தெரியாது. யூனிட் பொங்கலில் மிளகு அதிகம்.

என் நீல லுங்கி ஈரமும் மணலுமாக இருந்தது. அன்று கிளம்பும்போது பாக்கியம் அதைப் பிழிந்து என்னிடம் நீட்டினார். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் பையில் கூடுதலாக ஒரு லுங்கி இருக்கட்டும். யாருக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது.